உரைகல்லைத் தொடாத காசுக் கடை

சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் வரும் சின்ன அறைதான் இந்தக் கடை. வாசலில் பலகை கிடையாது. நடத்துகிற பெரியவருக்கு விளம்பரம் பிடிக்காது என்பதால் பெயரை இங்கே போடவில்லை. பழைய காசுக்காரர் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் கை காட்டுவார்கள். வீட்டில் வெள்ளி ரூபாய் நாலைந்து கிடக்கிறது, அதற்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். எடை, மாற்று, உரைகல் எல்லாம் தினமும் புழங்குகிற விஷயங்கள். என் ஆயா விட்டுப்போன ரூபாய்களை முதலில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். அங்கிருந்தவர் காசை வாங்கிய கையோடு உரைகல்லை எடுத்தார். கல்லில் உரசினால் காசில் கீறல் விழுமே, வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். சரி என்று எடை போட்டு, வெள்ளிக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார். 1939 வரை அடித்த ரூபாய்க்கு அந்தக் கணக்கு சுலபம்: எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஆக, காசு ஒன்றுக்கு 10.69 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் காசை உருக்கினால் கிடைக்கும் விலை வந்துவிடும். 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

பெரியவர் கடையில் உரைகல்லே கண்ணில் படவில்லை. மேசையில் ஒரு கறுப்புத் துணி, ஜன்னல் பக்கம் நாற்காலி, பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. "ஓரத்தைப் பிடிங்கம்மா, முகத்துல விரல் படக் கூடாது" என்றுதான் ஆரம்பித்தார். விரல் வியர்வை பட்ட இடம் பிறகு கறையாக நின்றுவிடுமாம்.

முதலில் எடுத்தது 1918-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். இதைவிடச் சாதாரணமான காசு கிடையாது. முதல் உலகப்போர் நேரத்தில் இங்கே வெள்ளிக்குப் பெரும் தட்டுப்பாடு. அமெரிக்கா 1918-இல் பிட்மேன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கும் மேல் உருக்கியது. அதில் பெரும்பகுதியை பிரிட்டன் வாங்கி இந்திய ரூபாயாக அடித்தது. அவ்வளவு அடித்த காசுக்கு அபூர்வம் என்ற பேச்சே இல்லை. அது இருக்கிற நிலைமைதான் விலை. அதனால்தான் கிரேடு, அதாவது காசின் நிலைமைக்கான தரம், பார்க்கிறவர் யார் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

பெரியவர் ஆண்டைக்கூடப் பார்க்கவில்லை, நேராக ராஜாவின் மேலங்கிக்குப் போனார். அதில் குட்டியாக ஒரு யானை உண்டு. தும்பிக்கை தனியாகத் தெரிகிறதா, காது மடல் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு கிரீடத்தின் வளைவு, காது, புருவம். காசில் மேடாக இருக்கிற இடங்கள் இவைதான், புழக்கத்தில் முதலில் தேய்வதும் இவைதான். என் காசில் யானையின் உருவம் முழுசாக இருந்தது, ஆனால் காது வழுவழுவென்று உடம்போடு சேர்ந்துவிட்டது. பூப் பக்கத்தில் தாமரை இதழ் விளிம்புகள் மழுங்கியிருந்தன. தாமரைக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தது, அது பம்பாயில் அடித்த அடையாளம். கல்கத்தா காசில் புள்ளி இருக்காது. (மெட்ராஸ் காசு என்று சொல்லி இதே ஐந்தாம் ஜார்ஜை யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். இங்கே காசு அடித்த தங்கசாலையை 1869-இலேயே மூடிவிட்டார்கள்.)

தேய்மானத்தை மட்டும் வைத்துச் சொன்னால் வி.எஃப் (வெரி ஃபைன்) என்ற கிரேடு. எழுபது வரை போகும் அளவுகோலில் இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குள் வரும். அதற்குமேல் எக்ஸ்.எஃப் (எக்ஸ்ட்ரா ஃபைன்), அப்புறம் ஏ.யு (ஏறக்குறையப் புழங்காதது), அறுபது தொட்டால்தான் புழக்கத்துக்கே போகாத காசு.

இங்கேதான் அவர் ஜன்னல் பலகையை லேசாகச் சாத்தி, காசை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துக் காட்டினார். அடித்தபடியே இருக்கிற காசில் ஒளி சக்கரம் போலச் சுற்றி வரும். என் காசில் ஒளி சுற்றவில்லை, மொத்தமாக ஒரேயடியாகப் பளிச்சிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், ராஜாவின் கழுத்துக்கு முன்னால் இருக்கிற வெற்றுப் பரப்பில் முடி மாதிரி மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். "விபூதி போட்டுத் தேய்ச்சிருக்காங்க" என்றார். உண்மைதான். எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு, குங்குமச்சிமிழ், லட்சுமி படத்துக்கு முன்னால் வைக்கிற ரூபாய் எல்லாவற்றுக்கும் விசேஷ நாளில் விபூதிதான். கையில் புழங்கித் தேய்ந்தால் மேடுகள் மட்டும் தேயும், பள்ளத்தில் கருமை தங்கும். தேய்த்துக் கழுவிய காசில் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாக இருக்கும், கீறல் எல்லா இடத்திலும் ஓடும். இந்த ஒன்றை அன்றைக்கு நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய லாபம்.

அடுத்த இரண்டும் மாலையில் கோத்த காசு. வளையத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் பற்றவைத்த தடத்தை நகத்தால் தடவிக் காட்டினார். பக்கவாட்டுக் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் மூழ்கியிருந்தன. இதற்கு கிரேடு எண் எதுவும் கிடையாது, வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான்.

கடைசியாக நன்றாகக் கறுத்துப்போன 1919. கறுப்பாக இருந்ததால் யாரும் பூஜைக்கு எடுக்கவில்லை, அதனால் யாரும் தேய்க்கவும் இல்லை. கருமை விளிம்பில் அடர்த்தியாகவும் நடுவில் இளம்பழுப்பாகவும் இறங்கியிருந்தது. சாய்த்தபோது அதற்கு அடியில் ஒளி சுற்றியது. யானைக்குக் காது இருந்தது. ஏ.யு. என்று எழுதினார்.

இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம் அவர் எழுதுகிற விதம். காசைப் பார்த்து முடித்ததும் காகிதக் கவரில் கிரேடையும் குறையையும் மையால் எழுதி நம் கையில் கொடுத்துவிடுகிறார். விற்கிறீர்களா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. வாங்குகிறவரே கிரேடும் போட்டால் குறைத்துப் போடமாட்டாரா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால் அவர் விற்பனைக்கு வைத்திருக்கிற தட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அங்கேயும் "கழுவியது", "மாலைக் காசு", "விளிம்பில் அடி" என்று அதே கையெழுத்து. தன் சரக்கின் குறையைத் தானே எழுதி வைத்து விற்கிறவர்களை நகைத் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. அவருடைய தராசு பத்தில் ஒரு கிராம் வரைதான் காட்டும், இந்த வேலைக்கு அது போதாது. ரிச்சி தெருவில் நூறில் ஒரு கிராம் காட்டும் பாக்கெட் தராசு கிடைக்கிறது, கையோடு கொண்டுபோங்கள். அது இருந்தால் வார்ப்புப் போலியையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து சுழியாக்கி, 91.7 பங்கு வெள்ளி ரூபாயை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்கினால், அது விலக்கும் தண்ணீரின் எடையாக 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும். அப்புறம், விலை குறைந்த காசுகளை இன்னமும் மெத்தென்ற பி.வி.சி. உறையில் போட்டு வைத்திருக்கிறார். சென்னைப் புழுக்கத்தில் அது நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைக் கெடுக்கும். சொன்னேன், தலையாட்டினார், மாற்றவில்லை. சாயங்காலம் போனால் டியூப் லைட்தான், அதில் கீறல் சரியாகத் தெரியாது. காலையிலேயே போய்விடுங்கள். மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடப்பது சௌகரியம், ஆட்டோ அந்தத் தெருக்களில் நகராது.

கிரேடு போடுகிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, கெட்டிப் பெட்டியில் அடைத்து எண் போட்டு வாங்கலாமா என்று கேட்டேன். நூறு வயது தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்றார். என் 1918, 1919 இரண்டுமே அதில் வந்துவிடுகின்றன.

மாலைக் காசு இரண்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன், சொன்ன தொகை நியாயம். தட்டில் 1911 ரூபாய் ஒன்றும் இருந்தது. மேலங்கி யானை பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, புழக்கத்திலிருந்து எடுத்து, 1912-இல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்களே, அந்தக் காசு. கவரில் "வி.எஃப்., கழுவியது" என்று எழுதியிருந்தார். கழுவியதற்கு இன்னும் குறைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். குறைப்பதற்கு இருந்ததை எழுதும்போதே குறைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார்.