ஒரே 96 மில்லியன், இரண்டு விலைகள்: ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திர வீரரை அணி என்ன செய்வது?

2025ஆம் ஆண்டில், நான்கு மாதங்களுக்குள், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் இரண்டு முன்னணி விங்கர்கள் (ஓரத்தில் ஆடும் முன்கள வீரர்கள்) அச்சில் வார்த்ததுபோல் ஒரே தொகைக்கு ஒப்பந்தம் பெற்றார்கள். மார்ச் 7 அன்று டல்லாஸ் ஸ்டார்ஸுக்குப் போன மிக்கோ ரான்டனெனுக்கும், ஜூன் மாதம் முடிந்து ஜூலை பிறக்கும் நேரத்தில் வேகஸ் கோல்டன் நைட்ஸுக்குப் போன மிட்ச் மார்னருக்கும் எட்டு ஆண்டுகள், மொத்தம் 96 மில்லியன் டாலர், ஆண்டுக்கு 12 மில்லியன். இருவரும், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2015இல் முதல் பத்து இடங்களுக்குள் தேர்வானவர்கள். இருவரும் போய்ச் சேர்ந்தது மாநில வருமான வரி வசூலிக்காத மாநிலங்களுக்கு. ஆனால் அவர்களை விட்டுக்கொடுத்த அணிகளின் கைக்கு வந்தது ஒன்றுபோல இல்லை. ரான்டனெனை அனுப்பிய கரோலினா ஹரிகேன்ஸுக்கு லோகன் ஸ்டான்கோவன் என்ற 22 வயது முன்கள வீரரும், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளும், இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வுகளும் கிடைத்தன. மார்னரை அனுப்பிய டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸுக்கு, ஆண்டுக்கு 3 மில்லியன் டாலர் சம்பளத்தில் இருந்த நிக்கோலா ருவா என்ற நடு முன்கள வீரர் ஒருவர் மட்டுமே கிடைத்தார்.

ஆட்டத் தரத்தை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. அந்த சீசனில் மார்னர், கோல்களும் கோலுக்குக் கொடுத்த உதவிகளும் சேர்த்து, 102 புள்ளிகள் எடுத்திருந்தார். அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். வேறுபாடு வந்தது நாட்காட்டியிலிருந்தும், பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய ஓர் ஒப்பந்த விதியிலிருந்தும். ஒவ்வொரு கோடையிலும் ‘யார் எங்கே போவார்’ என்று கிளம்பும் பேச்சில் இந்த இரண்டையும் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

ஒரு வீரர் 27 வயதை எட்டினாலோ, லீகில் ஏழு சீசன்களை முடித்தாலோ, நடப்பு ஒப்பந்தம் தீர்ந்ததும் எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். அந்தச் சந்தை வழக்கமாக ஜூலை 1 அன்று திறக்கும். 2025இல் இருந்த விதிப்படி, அவரைக் கையில் வைத்திருக்கும் அணி எட்டு ஆண்டு ஒப்பந்தம் தரலாம். சந்தையில் எடுக்கும் அணி ஏழு ஆண்டுகள்தான் தரலாம். ஆகவே, ஒப்பந்தம் முடியப்போகும் வீரரை வைத்திருக்கும் அணிக்கு மூன்று வழிகள் உண்டு. கடைசி நாள்வரை வைத்திருந்து அவர் மனம் மாறும் என்று நம்பலாம். சீசன் நடுவிலேயே விற்றுவிடலாம். இல்லையென்றால் எட்டாண்டு ஒப்பந்தத்தில் தானே கையெழுத்து வாங்கி, உடனே வேறு அணிக்கு அனுப்பலாம்.

முதல் வழிக்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு ஜான் டவாரஸ். 2009 டிராஃப்டின் முதல் தேர்வு, நியூயார்க் ஐலண்டர்ஸின் கேப்டன். 2018 பிப்ரவரியில் அணி அவரை விற்கவில்லை. ஜூன் மாதத்தில் பொது மேலாளரே மாற்றப்பட்டார். அதே மாதக் கடைசியில் டவாரஸ் ஆறு அணிகளின் பிரதிநிதிகளைச் சந்தித்துப் பேசிவிட்டு, ஜூலை 1 அன்று ஏழு ஆண்டு, 77 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் டொராண்டோவுக்குப் போனார். அன்று அவர் வெளியிட்ட படத்தில், சிறுவன் டவாரஸ் மேப்பிள் லீஃப்ஸ் சின்னம் போட்ட படுக்கை விரிப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். டொராண்டோ ரசிகர்களுக்கு அது கண்ணீர் வரவழைத்த படம்; ஐலண்டர்ஸின் ஊரான லாங் ஐலண்டில் இருந்தவர்களுக்கு முகத்தில் அறைந்தது போன்ற படம். 2019 பிப்ரவரி 28 அன்று அவர் அங்குள்ள நாசோ கொலிசியம் அரங்குக்குத் திரும்பி வந்தபோது அவர் பெயர் போட்ட பழைய ஜெர்சிகளும் பிளாஸ்டிக் பாம்புகளும் பனித்தளத்தில் வந்து விழுந்தன. ஐலண்டர்ஸ் 6-1 என்ற கணக்கில் வென்றது.

கைக்கு ஒன்றும் வராமல் நட்சத்திரத்தை இழந்த அணி சீரழிந்துபோகும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் டவாரஸ் இருந்த கடைசி ஆண்டில் லீக் தரவரிசையில் 80 புள்ளிகள் எடுத்து, லீகிலேயே அதிகமாக 296 கோல்களை வாங்கிய அணி, அவர் போன அடுத்த ஆண்டில் 103 புள்ளிகள் எடுத்து, எல்லோரையும்விடக் குறைவாக 196 கோல்களை மட்டுமே விட்டது. பாரி ட்ராட்ஸ் என்ற பயிற்சியாளர் வந்ததும், லீக் ஒவ்வோர் அணிக்கும் விதிக்கும் மொத்தச் சம்பள வரம்பில் டவாரஸுக்கென ஒதுக்கியிருந்த இடம் காலியானதும் அதற்கு உதவின. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அந்த அணி அரையிறுதிவரை போனது. வைத்திருந்து இழப்பது அவமானம்தான். ஆனாலும் மூன்று வழிகளில் இதுதான் எப்போதும் மோசமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் காலியாகும் சம்பள இடமும் ஒரு சொத்துதான்.

கால்கரி ஃபிளேம்ஸின் கதை இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் ஒரே கோடையில் ஒரே அணி இரண்டு வழிகளிலும் நடந்தது. 2021-22 சீசனில் ஜானி கோட்ரோ 115 புள்ளிகளும் மேத்யூ கச்சுக் 104 புள்ளிகளும் எடுத்தார்கள்; இவர்களோடு எலியாஸ் லிண்ட்ஹோமும் சேர்ந்து, ஒரே வரிசையில் மூவருமே 40 கோல்களை எட்டினார்கள். அணி 111 புள்ளிகளோடு தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. அந்த நிலையில் மார்ச் மாதத்தில் கோட்ரோவை விற்றிருக்க வேண்டும் என்று பின்னால் சொல்வது எளிது. அன்று சொன்னவரை ஊரே துரத்தியிருக்கும். அந்த ஆண்டு சந்தை திறந்த ஜூலை 13 அன்று கோட்ரோ, பிறந்த ஊருக்கு அருகில் வாழும் விருப்பத்தோடு, ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸுக்குப் போனார். 2024 ஆகஸ்டில் நியூ ஜெர்சியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி அவரும் அவருடைய தம்பியும் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, ஊர்ப்பக்கம் வர வேண்டும் என்று அவர் எடுத்த முடிவைக் கணக்குப் போட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கச்சுக்குக்கு ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் ஓராண்டு இருந்தது. நீண்ட ஒப்பந்தம் வேண்டாம் என்று அவர் அணியிடம் முன்பே சொல்லிவிட்டார். பொது மேலாளர் பிராட் ட்ரிலிவிங்குக்கு அது பெரிய உதவி. ஜூலை 22 அன்று கால்கரி அவரோடு எட்டு ஆண்டு, 76 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டு, கையோடு ஃப்ளோரிடா பேந்தர்ஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவர்கள் அதே சீசனில் 115 புள்ளிகள் எடுத்திருந்த ஜொனாதன் ஹியூபர்டோ, தற்காப்பு வீரர் மெக்கென்சி வீகர், இன்னோர் இளம் வீரர். கூடவே நிபந்தனையோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வு. ஒருவரை ஒன்றுமில்லாமல் இழந்த ஒன்பதாம் நாளில் இவ்வளவு வாங்கியதைப் பலரும் பாராட்டினார்கள். தாளில் அது கால்கரியின் வெற்றியாகவே தெரிந்தது.

களத்தில் அப்படி நடக்கவில்லை. ஹியூபர்டோவின் ஒப்பந்தத்திலும் ஓராண்டுதான் மீதம் இருந்தது. கோட்ரோவைப் போல இவரும் போய்விடுவாரோ என்ற பயத்தில், அவர் கால்கரி ஜெர்சியில் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே, ஆகஸ்டில் எட்டு ஆண்டு, 84 மில்லியன் டாலர் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு சீசன்களில் அவர் எடுத்தது 55, 52 புள்ளிகள். ஃப்ளோரிடாவோ 2023இல் இறுதிப் போட்டிக்குப் போய், 2024இலும் 2025இலும் லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. என் கணிப்பில் கால்கரியின் தவறு பரிமாற்றத்தில் இல்லை. ஒரு காயத்தின் வலி ஆறும் முன்பே அடுத்த எட்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டதில்தான் இருக்கிறது.

நடுசீசனில் விற்கும் வழிக்கு ரான்டனெனைவிட நல்ல பாடம் கிடையாது, ஏனென்றால் ஆறு வாரங்களில் அவர் இரண்டு முறை விற்கப்பட்டார். 2025 ஜனவரி 24 அன்று கொலராடோ அவலாஞ்ச், 49 ஆட்டங்களில் 64 புள்ளிகள் எடுத்திருந்த அவரை கரோலினாவுக்கு அனுப்பி, மார்டின் நேச்சஸ், ஜாக் ட்ரூரி ஆகியோரையும் இரண்டு டிராஃப்ட் தேர்வுகளையும் வாங்கியது. ரான்டனெனே அதிர்ந்துபோனார். கரோலினாவில் 13 ஆட்டங்களில் அவர் அடித்தது இரண்டே கோல்கள், அங்கே நீண்ட காலம் இருக்க உறுதியும் தரவில்லை. கரோலினாவுக்கு இது இரண்டாவது அனுபவம். முந்தைய ஆண்டு ஜேக் கென்சலை இதேபோல வாங்கி, கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் முடியும்வரை வைத்திருந்தார்கள்; அவர் தங்காததால் 2024 ஜூன் 30 அன்று அவருடைய பேச்சுவார்த்தை உரிமையை மட்டும் டாம்பா பேக்கு ஒரே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை சூடுபட்ட அணி, மறுமுறை அந்த சீசனுக்காக வீரர்களைப் பரிமாறக் கடைசி நாளான (பரிமாற்றக் கெடு நாள்) மார்ச் 7 அன்றே டல்லாஸின் கதவைத் தட்டியது.

அந்தப் பரிமாற்றத்தில் உண்மையில் அடிபட்டது கொலராடோ. தன் பிரிவுக்குள் விற்கக் கூடாது என்று நினைத்துக் கிழக்கே அனுப்பிய வீரர், ஆறு வாரத்தில் தன் பிரிவுக்குள்ளேயே எதிரணியில் வந்து நின்றார். 2025 மே 3 அன்று பிளேஆஃப் முதல் சுற்றின் கடைசியான ஏழாவது ஆட்டம். ஆட்டத்தின் மூன்றாவது பகுதியான கடைசிப் பீரியடின் தொடக்கத்தில் கொலராடோ 2-0 என முன்னே இருந்தது. ரான்டனென் முதலில் தூரத்திலிருந்து ஒரு கோல் அடித்தார். அடுத்து வலைக்குப் பின்னால் சுற்றி வந்து திணித்த பக் (ஆடும் ரப்பர் வட்டு), கொலராடோ வீரர் ஒருவரின் ஸ்கேட்டில் பட்டு உள்ளே போனது. கடைசியில் கோல்காப்பாளர் இல்லாத வலையில் மூன்றாவது. டல்லாஸ் 4-2 என வென்றது. கொலராடோவின் நீலமும் மெரூனும் அணிந்து 2022 கோப்பையை உயர்த்திய அதே மனிதர், அதே பழைய நண்பர்களின் சீசனை முடித்துவைத்ததைப் பார்க்க நெஞ்சு கனத்தது.

கணக்கு அதோடு முடியவுமில்லை. ரான்டனெனுக்கு 12 மில்லியன் கொடுக்க மனமில்லாத கொலராடோ, 2025 அக்டோபர் இறுதியில் நேச்சஸுக்கு எட்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 11.5 மில்லியன் கொடுத்தது. ஜனவரியில் கண்முன் இருந்த சம்பள வரம்பு 88 மில்லியன். அந்தப் பரிமாற்றம் நடந்து ஒரு வாரத்தில் லீக் வெளியிட்ட அறிவிப்பில் அது அடுத்த சீசனுக்கு 95.5, பிறகு 104, அதற்கடுத்து 113.5 மில்லியன் என்று ஏறியது. இந்த ஏற்றத்தின் நிழலில் பார்த்தால், கொலராடோ அவசரப்பட்டுவிட்டது என்றே நான் சொல்வேன். இரண்டாவதாக விற்ற கரோலினா அவசரப்படவில்லை. ஸ்டான்கோவனோடு அந்த ஆண்டே லீகின் கிழக்கு மண்டல இறுதிக்குப் போய், பிறகு அவருக்கும் எட்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது.

இனி டொராண்டோ. மார்னர் பிறந்தது தமிழர்கள் நிறைய வாழும் மார்க்கம் நகரில் என்பதால், இந்தக் கதை நம்மவர் வீடுகள் பலவற்றிலும் சாப்பாட்டு மேசைப் பேச்சாக இருந்தது. கெடு நாளுக்கு முன் மார்னரைக் கொடுத்து ரான்டனெனை வாங்கும் யோசனை டொராண்டோவுக்கும் கரோலினாவுக்கும் இடையே இருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. அது நடக்காததற்குக் காரணம், மார்னரின் சம்மதம் இல்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்ற இடமாற்றத் தடை விதி. அந்த விதி நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1 அன்று. அதற்கு ஒரு மாதம் முன்னால், மே 31 அன்று, டொராண்டோவின் பொது மேலாளராகப் பொறுப்பேற்றவர் கால்கரியில் கோட்ரோவை இழந்து கச்சுக்கை அனுப்பிய அதே ட்ரிலிவிங். மார்னரின் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்த அந்த ஒரே மாதத்தில்தான் நல்ல விலைக்கு விற்கும் வாய்ப்பு இருந்தது. புது வேலையில் நாற்காலி சூடேறும் முன் ஊர்ப் பிள்ளையை விற்க யாருக்கும் துணிவு வராது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விலை போனது அன்றுதான்.

2025 மே 18 அன்று ஏழாவது ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 6-1 எனத் தோற்ற பிறகு, டொராண்டோவிடம் விற்க மிஞ்சியிருந்த ஒரே பொருள் எட்டாவது ஆண்டு. வேகஸ் ஜூலை 1 வரை காத்திருந்தால் ஏழு ஆண்டுகள்தான் தர முடியும். அந்தக் கூடுதல் ஓராண்டின் சந்தை விலை என்ன என்று கேட்டால், ருவா என்பதே விடை. கச்சுக்குக்கும் மார்னருக்கும் நடந்தது பெயரளவில் ஒரே ஏற்பாடு என்றாலும், கால்கரி ஓர் ஆண்டு முன்னதாகவும் டொராண்டோ சில மணி நேரம் முன்னதாகவும் விற்றன. ஒன்றுமில்லாததைவிட ருவா மேல்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை.

எந்தப் பெயர் அடுத்த வதந்தியில் அடிபட்டாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு விவரங்களை: இடமாற்றத் தடை விதி எந்த நாளிலிருந்து, ஒப்பந்த நீட்டிப்புக்கு எந்த நாளிலிருந்து அனுமதி. விதி இன்னும் வரவில்லை, ஆண்டுகள் மீதம் உண்டு என்றால் விற்பது நல்ல வழி. விதி வந்துவிட்டது, வீரர் மௌனமாக இருக்கிறார், அணி கோப்பைக்கு அருகில் இருக்கிறது என்றால், வைத்திருந்து ஆடிப் பார்ப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன், குறிப்பாக சம்பள வரம்பு ஏறும் இந்த ஆண்டுகளில். 2025 செப்டம்பர் 30 அன்று மினசோட்டா வைல்ட், கிரில் கப்ரிசோவுக்கு எட்டு ஆண்டு, 136 மில்லியன் டாலர் கொடுத்துத் தக்கவைத்தது இந்த ஏற்றத்தை நம்பித்தான்.

இதே அளவுகோலை கானர் மெக்டேவிட் மீது வைத்துப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் அவர் எட்மன்டன் ஆயிலர்ஸோடு இரண்டே ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 12.5 மில்லியனுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார். அது 2028 கோடையில் முடியும். அதற்குள் 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும், லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான புதிய கூட்டு ஒப்பந்தம், சொந்த அணி தரக்கூடிய காலத்தை ஏழு ஆண்டாகவும் மற்ற அணிகளுக்கு ஆறு ஆண்டாகவும் குறைத்துவிடும். இடைவெளி அதே ஓராண்டுதான் என்பதால், கையெழுத்திட்டு அனுப்பும் வழி அப்போதும் திறந்திருந்தால்கூட, அதன் விலை ருவா அளவிலேயே இருக்கும். எட்மன்டன் அவரிடம் நேராகக் கேட்டு, நேரான பதிலை வாங்க வேண்டிய நாள் நீட்டிப்புக்கு அனுமதி பிறக்கும் 2027 ஜூலை 1. 2028 மார்ச் மாதத்துக் கெடு நாள் அதற்குப் பிந்திப்போன நாளாக இருக்கும்.