உறவினர் அல்லாத இருவர்: கொழும்பில் வேலை தேடிய கணக்கு

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. 2016இல் வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றில் வாங்கியது. பக்கத்துக்கு நான்கு நிரல்கள்: திகதி, எந்தத் தளம், என்ன பதவி, என்ன பதில். நான்காவது நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. கணக்குப் படித்தவளுக்கு எழுதிவைக்காவிட்டால் நித்திரை வராது. 2016, 2020, 2023 என்று மூன்று முறை வேலை தேடியிருக்கிறேன். மூன்று முறையும் வேலைவாய்ப்புத் தளங்களில் மணிக்கணக்காகக் குந்தியிருந்தேன். மூன்று முறையும் வேலை வந்தது வேறு பக்கத்தால். அதற்காகத் தளங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன்.

முதல் முறை மட்டக்களப்பிலிருந்து வந்து, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நான்கு பெண்பிள்ளைகளாக ஓர் அறையில் இருந்தோம். ஊரில் அப்பா வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் ஞாயிறு வீரகேசரியையும் பார்த்து, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார். அரசாங்க வேலை என்றால் வர்த்தமானி, போட்டிப் பரீட்சை, அவ்வளவுதான். தனியார் துறைக்கு அப்படி ஒரு தெளிவான வாசல் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்கவே ஒரு வருடம் போனது.

நான் காலைத் தேநீரோடு டொப்ஜொப்ஸ் தளத்தைத் திறப்பேன். பதவி, நிறுவனம், தொடங்கிய திகதி, முடியும் திகதி என்று வரிசையாக வரும். அடுத்தது இக்மன் தளம்; இக்மன் என்றால் சிங்களத்தில் ‘சீக்கிரம்’. பழைய மோட்டார் சைக்கிளும் வாடகை வீடும் விளம்பரப்படுத்தும் அதே இடத்தில் வேலையும் கிடக்கும். காசாளர், சாரதி, விற்பனை உதவியாளர் போன்ற வேலைகளுக்கு அது பொருத்தம். தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் அப்போது எனக்கு 11 தொடர்புகள். அதில் மூவர் என் அறைத்தோழிகள்.

விளம்பரங்களில் சம்பளம் இருக்க வேண்டிய இடத்தில் ‘கவர்ச்சிகரமான கொடுப்பனவு’ என்று இருக்கும். கவர்ச்சி எவ்வளவு என்பதை நேர்முகப் பரீட்சையில்தான் சொல்வார்கள், அதுவும் நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு. ஒரு தளத்தில் விளம்பரங்கள் படமாகவே ஏற்றப்பட்டிருந்ததால் தேடல் பெட்டியில் என்ன சொல்லைப் போட்டாலும் தலைப்பைத் தாண்டி எதுவும் அகப்படாது. ஒவ்வொன்றாகத் திறந்து, பெரிதாக்கி, வாசிக்க வேண்டும். இன்னொன்றில் எட்டுப் பக்கம் நிரப்பி முடித்த பிறகு, அதே விபரங்கள் உள்ள சுயவிபரக் கோவையை ஏற்றச் சொன்னார்கள்.

வயதைக் குறிப்பிடாதீர்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் நம் அடையாள அட்டையை மறந்துவிடுகிறார்கள். பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அந்த இலக்கத்திலேயே இருக்கின்றன. பெண் என்றால் நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். விண்ணப்பத்தில் அந்த இலக்கம் கேட்கிறார்கள். பிறகு எதை மறைப்பது?

முதல் சுற்றில் 84 விண்ணப்பங்கள். ஆறு அழைப்புகள். இரண்டு நேர்முகப் பரீட்சைகள். வேலை எதுவும் இல்லை.

அந்த நாட்களில் சனி, ஞாயிறு பம்பலப்பிட்டியில் கணக்கியல் வகுப்புக்குப் போவேன். பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருமுறை கல்குலேட்டர் இரவல் கொடுத்திருந்தேன். ஒரு நாள் இடைவேளையில், “எங்கள் கந்தோரில் ஓர் அக்கா பிரசவ விடுமுறையில் போகிறார், திரும்பி வரமாட்டார் போல. நீங்கள் வேலை தேடுகிறீர்கள்தானே?” என்றாள். புதன்கிழமை புறக்கோட்டையில் நேர்முகம். அடுத்த திங்கட்கிழமை 101 பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அந்த வெற்றிடம் எந்தத் தளத்திலும் வரவில்லை. விளம்பரம் எழுத முன்பே கதிரை நிரம்பிவிட்டது.

2020ஆம் ஆண்டுச் சுற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுலாவோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்துக்கு மாறியிருந்தேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் தள்ளாடத் தொடங்கியது, மார்ச் ஊரடங்கோடு படுத்துவிட்டது. 31 விண்ணப்பங்கள் அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை. பழைய கந்தோருக்குக் கணக்காய்வுக்கு வந்துபோன ஒரு தம்பியின் வழியாக, வீட்டிலிருந்தே செய்யும் கணக்குப் பதிவு வேலை ஒன்று கிடைத்தது.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. 2022இல் எரிபொருள் வரிசையும் கடவுச்சீட்டு வரிசையும் சேர்ந்து நீண்டன அல்லவா? பத்தரமுல்லையில் விடிய முன்பே போய் நின்றவர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு கந்தோரில் ஒரு கதிரையை விட்டுவிட்டுப் போனார்கள். அப்படிப் போன ஒருவர் என்னோடு முன்பு வேலை செய்தவர். அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட முன், “உமக்குப் பதிலாக யாரைப் போடலாம்?” என்று முகாமையாளர் கேட்டாராம். அவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கதைத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. என் தொலைபேசி இலக்கமும் அவரிடம் இல்லை. எப்போதோ லிங்க்ட்இன்னில் இணைந்திருந்தோம், அதில்தான் எழுதினார்.

முறைக்காக விளம்பரமும் போட்டார்கள். முடிவுத் திகதிக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கும்போதே நியமனக் கடிதம் என் கையில். அந்த விளம்பரத்தை நம்பி விண்ணப்பித்தவர்களின் கொப்பிகளில் என்னால் எத்தனை வெற்றுக் கட்டங்கள் விழுந்தனவோ தெரியாது.

மூன்று முறை உதவியவர்களிலும் சொந்தக்காரர் எவரும் இல்லை. வங்கியில் நல்ல பதவியிலுள்ள மாமா ஒருவர் 2016 முதல் “பார்ப்போம் பிள்ளை” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய மனதில் குறையில்லை; அவருக்குத் தெரிந்த வெற்றிடம் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே வீட்டுச் செய்தி. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் இதைத்தான் எழுதினார். பொஸ்டனுக்கு அருகே, அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் கேட்டபோது, உதவியவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். லிங்க்ட்இன்னின் இரண்டு கோடிப் பயனாளர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றும் ஏறக்குறைய அதே பக்கம்தான் சாய்ந்தது. ஒரு திருத்தம் மட்டும்: மிகத் தூரத்துத் தொடர்பும் அவ்வளவு பயனில்லை, மிக நெருங்கியவரும் அவ்வளவு பயனில்லை, அரைகுறையாகத் தெரிந்தவர்தான் அதிகம் உதவுகிறார். கல்குலேட்டர் இரவல் வாங்கிய பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

2024இல் நான் மேசையின் மறுபக்கம் போனேன். ஓர் உதவிக் கணக்காளர் பதவிக்கு மின்னஞ்சலில் முந்நூறுக்கு மேல் சுயவிபரக் கோவைகள். நாளைக் காலைக்குள் பத்தைத் தெரிவு செய்துகொடு என்றார் முகாமையாளர். செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் ஐம்பதை ஒழுங்காக வாசித்தேன். பிறகு தெரிந்த நிறுவனப் பெயர்களைத் தேடினேன். பிறகு முகவரி பார்த்தேன்: நீர்கொழும்பிலிருந்து தினமும் வருவாரா, மழை நாளில் எத்தனை மணிக்கு வந்து சேருவார்? நானே மட்டக்களப்பு முகவரி போட்டு விண்ணப்பித்தவள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு திறந்த கோவைகளுக்கு இருபது விநாடி கிடைத்திருந்தால் அதிகம். அந்த நேரம் பக்கத்து மேசைக்காரர் வந்து, “இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், கணக்கில் பிழை விடாது” என்றபோது எனக்கு வந்தது நிம்மதி. ஆள் பிழைத்தால் ஆறு மாதத் தகுதிகாண் காலம் வீண், மறுபடியும் இந்த முந்நூறு.

ஆனால் யாரையும் தெரியாதவர் என்ன செய்வது? கொழும்பின் பெரிய பாடசாலைகளில் படித்தவர்களுக்குப் பழைய மாணவர் சங்கமும் வருடாந்தக் கிரிக்கெட் போட்டியுமே ஒரு வேலைவாய்ப்பு நிலையம் மாதிரி. நம் ஊர்ப் பாடசாலைகளுக்கும் இங்கே கிளைகள் உண்டு. நான் போன கூட்டங்களில் கதையெல்லாம் கட்டட நிதியைப் பற்றியதுதான். மலையகத்திலிருந்து வந்து கடையில் நிற்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அவளுக்குத் தளம்தான் ஒரே சன்னல். எந்தப் பதவிக்கு என்ன தராதரம், எந்தக் கணக்கு மென்பொருள், எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது என்பதை எவரிடமும் கெஞ்சாமல் அதில் பார்க்கலாம். எனக்கும் 2016இல் துறையின் பாஷையைக் கற்றுத் தந்தது அந்த விளம்பரங்கள்தான்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: விளம்பரத்தைப் பார்த்தவுடன் அனுப்பாதீர்கள். அந்த நிறுவனத்தில் உங்களோடு படித்தவர், உங்கள் பழைய கந்தோரில் இருந்தவர் யாரும் உண்டா என்று லிங்க்ட்இன்னில் தேடுங்கள். “வேலை எடுத்துத் தாருங்கள்” என்று எழுதினால் ஆள் மறைந்துவிடும். “உங்கள் பிரிவில் மாத முடிவுக் கணக்கை எத்தனை நாளில் முடிக்கிறீர்கள்?” என்று கேளுங்கள், பதில் வரும். வட்ஸ்அப் குழுக்களில் வரும் வேலைகளை நான் தொடுவதில்லை. பதிவுக் கட்டணம் என்று ஐந்நூறு ரூபாய் கேட்டாலும் விலகிவிடுங்கள். வெளிநாடு என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து, முகவருக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். கணினி வேலை என்று நம்பிப் போய் மியன்மார் மோசடி முகாம்களில் மாட்டிக்கொண்ட இலங்கையரின் செய்தி பழையதல்ல.

இங்கே சுயவிபரக் கோவையின் அடியில் ‘உறவினர் அல்லாத இருவர்’ என்று ஒரு பகுதி உண்டு. பெயர், பதவி, தொலைபேசி இலக்கம். 2016இல் அந்த இடத்தை நிரப்ப என்னிடம் என் பாடசாலை அதிபரும் ஊர்க் கோயில் தலைவரும்தான் இருந்தார்கள். இருவரையும் எவரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் ஒரு மதியம் ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். இன்ன பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா, உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார் என்றார்கள். பெயரைக் கேட்டதும் எனக்கு யாரென்று பிடிபடவில்லை. எங்கே வேலை செய்தவர் என்று கேட்டேன். புறக்கோட்டைக் கந்தோருக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள். சத்தமே போடாத பிள்ளை. வங்கிக் கணக்கையும் எங்கள் ஏட்டையும் பொருத்திப் பார்க்கும் கணக்கிணக்கக் கூற்றில் 12 ரூபாய் 40 சதம் இடித்ததை, விட்டுவிடு என்று எல்லோரும் சொன்ன பிறகும், இரண்டு நாள் இருந்து தேடிப் பிடித்தவள். அதைச் சொன்னேன். மறுமுனையில் பேனை ஓடும் சத்தம் கேட்டது.