நர்ஸ் என்று சொல்லி அனுப்பினார்கள், நர்ஸ் இல்லை: வீட்டில் டியூப் ஃபீடிங் நோயாளி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுக்கும் நோயாளி உங்கள் வீட்டில் இருந்தால், ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் கொடுத்திருப்பதால் ஏஜென்சி பெயரை இங்கே போடவில்லை. ஊர் மதுரை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து விழுங்கும் சக்தி போய்விட்டது, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலே புரையேறும். மூக்கு வழியாக வயிறு வரை போகும் ரைல்ஸ் டியூப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி என்று எழுதிக் கொடுத்து டிஸ்சார்ஜ் செய்தார்கள். வார்டு சிஸ்டர் ஒருவர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு முறை செய்து காட்டினார், அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் நான் வேலைக்குப் போயாக வேண்டும், அம்மாவுக்குக் கண் பார்வை சரியில்லை. அதனால்தான் ஏஜென்சிக்குப் போனோம். "ஜி.என்.எம் முடிச்ச ஸ்டாஃப் மேடம், டியூப் கேஸ் நிறையப் பார்த்தவங்க" என்றார்கள். ஜி.என்.எம் என்றால் நர்சிங் டிப்ளமா. பகல் ஷிஃப்டுக்கு 1,300 ரூபாய், முன்பணம் 15,000. சான்றிதழ் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள், வரவேயில்லை. நானும் அவசரத்தில் அதை விட்டுவிட்டேன், அது என் தவறு.

வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். தாத்தா தாத்தா என்று அன்பாகத்தான் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் நாளே டியூப் அடைத்துக்கொண்டது. பார்த்தால், எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து ஏற்றியிருக்கிறாள். வயிற்றுக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் மாதிரி மேல்பூச்சு உள்ள மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, மற்றதையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து இடையிடையே தண்ணீர் விட வேண்டும். ஒரு நர்ஸுக்கு இது தெரியாமல் இருக்குமா? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். அப்பா தலையணைகூட இல்லாமல் மல்லாக்கப் படுத்திருக்கிறார், அவள் 50 மில்லி சிரிஞ்சில் கஞ்சியை எடுத்து அழுத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறாள், அப்பா இருமி இருமி முகமெல்லாம் சிவந்து கண்ணில் நீர் வழிகிறது, அவள் நிறுத்தவில்லை. வார்டில் மூக்கு ஓரத்தில் டியூப்பின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோடு நான்கு விரல் அளவு வெளியே வந்திருந்தது. வியர்வையில் பிளாஸ்டர் உரிந்து டியூப் நழுவியிருக்கிறது, அதே இடத்தில் புது பிளாஸ்டர் ஒட்டிவிட்டு ஃபீட் கொடுத்திருக்கிறாள்.

அன்று இரவு காய்ச்சல், நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். 108-ஐக் கூப்பிட்டோம். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டியிருந்தது, உணவு புரையேறியதால் வந்த நிமோனியா என்றார்கள். ஐ.சி.யூவில் நான்கு நாள், அப்புறம் வார்டில் ஐந்து நாள்.

அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா, நான் நர்சிங் படிக்கல. பத்து நாள் சொல்லிக் கொடுத்தாங்க. குளிப்பாட்டுறது, பேம்பர் மாத்துறது, பிபி பாக்குறது, அவ்வளவுதான்." அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளையை நர்ஸ் என்று சொல்லி அனுப்பியவர்கள் மேல்தான். போன் செய்தால், வயசானவங்களுக்கு நிமோனியா வரத்தானே செய்யும் என்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் நர்ஸ் என்ற சொல்லே இல்லை, எல்லா இடத்திலும் "கேர்கிவர்" என்றுதான் இருக்கிறது, ரசீதிலும் அப்படியே.

ஆகவே ஜி.என்.எம், பி.எஸ்சி என்று யார் சொன்னாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்த நர்ஸ் என்றால் எண் இருக்கும். அந்த எண்ணையும், நர்ஸ் என்ற சொல்லையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முக்கியமாக, முதல் ஃபீடை உங்கள் கண் முன்னால் கொடுக்கச் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துகிறார்களா, கோடு இருக்கும் இடத்தைப் பார்க்கிறார்களா, வாய்க்குள் டியூப் சுருண்டிருக்கிறதா என்று திறந்து பார்க்கிறார்களா, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி வயிற்று நீர் வருகிறதா என்று சோதிக்கிறார்களா என்று கவனியுங்கள். காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டுவிட்டு சரி என்று சொன்னால் நம்பாதீர்கள், டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். கஞ்சி தானாக மெல்ல இறங்க வேண்டும், அழுத்தவே கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும், முடிந்த பிறகு அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். நடுவில் இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள், நீங்களாக உள்ளே தள்ள வேண்டாம்.

பணம் கட்ட முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. அம்மாவின் தங்கை வந்து தங்கியிருக்கிறார், பகலில் சித்தியும் காலையிலும் இரவிலும் நானும் ஃபீட் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சை எடுக்கும் முன் சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்.