விரல்நுனி ஆக்ஸிமீட்டர்: எண்ணை விட அலையைப் பாருங்கள்

வார்டு போஸ்டிங் தொடங்கும் மருத்துவ மாணவருக்கும் சரி, நிவாரண முகாமுக்குத் தன்னார்வலராகக் கிளம்புகிறவருக்கும் சரி, ஸ்டெதஸ்கோப்புக்கு அடுத்தபடியாகப் பையில் இருக்க வேண்டியது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனோடு இருக்கிறது என்பதே அது காட்டும் முக்கிய எண். எண்ணை மட்டும் காட்டும் மாடலை எடுக்காதீர்கள். நாடித் துடிப்பை அலையாக வரைந்து காட்டுவதே உருப்படியான மாடல்.

காரணம் கருவியின் உள்ளேயே இருக்கிறது. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் விரலின் ஊடே பாய்கின்றன. அதில் துடிப்போடு சேர்ந்து மாறும் பகுதியை மட்டுமே கருவி கணக்கில் எடுக்கிறது. வெள்ளத்தில் நனைந்து விறைத்த விரலுக்கோ, ரத்தம் இழந்து ஷாக்கில் (உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலையில்) கிடப்பவரின் விரலுக்கோ அந்தத் துடிப்பு சரியாக வந்து சேராது. திரை 82 என்று காட்டும். அலையோ தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அந்த 82-ஐ கேஸ் ஷீட்டில் எழுதக் கூடாது. அதற்காக நோயாளி நலம் என்றும் விட்டுவிடக் கூடாது.

விரலின் ஈரத்தைத் துடைத்து, உங்கள் உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்குங்கள். நகப்பூச்சு இருந்தால் அழியுங்கள். வெயிலில் என்றால் மேலே துணி போட்டு மூடுங்கள். மாட்டிய பிறகு மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள். அது கருவியின் நாடி எண்ணோடு ஒத்துப்போய், அலையும் அரை நிமிடம் சீராக ஓடினால்தான் எழுதலாம். வார்டில் அடிக்கடி நடக்கும் தவறு, பிபி கஃப் (ரத்த அழுத்தம் அளக்கும் காற்றுப்பட்டை) கட்டிய கையிலேயே இதையும் மாட்டுவது. கஃபில் காற்று ஏறியதும் அலை போய்விடும். மற்ற கையில் மாட்டுங்கள்.

அலை நன்றாக ஓடும்போதே எண் பொய் சொல்லும் இடமும் உண்டு. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினாலோ தீப்புகையில் சிக்கினாலோ கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கருவிக்கு அதையும் ஆக்ஸிஜனையும் பிரித்தறியத் தெரியாது. 98 என்று காட்டும். தலைவலி, குழப்பம், வாந்தி இருந்தால் எண்ணைப் பார்க்காமல் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து ஆக்ஸிஜன் கொடுங்கள். கருமையான தோலில் உண்மை அளவை விடச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால், 92, 93 வந்தாலே உஷாராக இருப்பது நல்லது. நல்ல கருவியிலும் இரண்டு புள்ளி முன்பின் இருக்கும்; 70-க்குக் கீழே காட்டும் எண்ணின் துல்லியத்தை நம்ப முடியாது.

ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டவருக்கு இது போதவே போதாது. மூச்சு மந்தமாகி கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்தாலும் எண் நெடுநேரம் கீழே இறங்காது. ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுவதற்கு மாற்று கிடையாது.

பெரும்பாலான மாடல்கள் இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும். பையில் வைக்கும்போது கழற்றித் தனியே வையுங்கள், கசிந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அரித்துவிடும். ஒவ்வொருவருக்குப் பிறகும் ஆல்கஹால் பஞ்சால் ரப்பரைத் துடைத்து, காய்ந்ததும் அடுத்த விரலில் மாட்டுங்கள்.