சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பலர் கடைசியில் முட்டி நிற்பது இங்கேதான்: வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியா (இளநிலைப் படிப்பிலேயே கவனம் வைத்து, கலை முதல் அறிவியல் வரை பரவலாகச் சொல்லித்தரும் கல்லூரி), கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான பெர்க்லி மாதிரி பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமா?

ஆள் கணக்கிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். வில்லியம்ஸில் மொத்தமே சுமார் 2,000 மாணவர்கள். பெர்க்லியில் 40,000-க்கும் மேல். அங்கே அறிமுகப் பாடம் என்றால் பல நூறு பேர் உட்காரும் அரங்கம், சந்தேகம் கேட்கப் போனால் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர். வில்லியம்ஸின் ‘டுடோரியல்’ வகுப்பிலோ ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். ஒருவர் கட்டுரை எழுதிவர, மற்றவர் அதைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்க வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறும். படிக்காமல் போய் ஒப்பேற்றவே முடியாது. என்னைக் கேட்டால், இந்தக் கல்லூரிகளுக்குக் கொட்டும் காசு இதற்குத்தான். (பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள் முழிப்பார்கள், அது வேறு விஷயம்.)

ஆய்வக வசதியிலும் பாடங்களின் எண்ணிக்கையிலும் பெரிய இடம்தான் முன்னே. ஆனால் அங்கே முனைவர் பட்ட மாணவர்கள் முந்திக்கொள்வார்கள். சின்னக் கல்லூரியில் பேராசிரியரின் ஆய்வுக்கு இளநிலை மாணவர்தான் வலதுகை.

பொறியியல்தான் குறி என்றால் பெரிய பல்கலைக்கழகமே மேல். சின்னக் கல்லூரிகளில் ஸ்வார்த்மோர் மாதிரி சிலவற்றில்தான் அது உண்டு.

செலவில், சொந்த மாநிலத்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கணிசமாகக் குறைவு. வெளிநாட்டு மாணவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆம்ஹெர்ஸ்டோ வெளிநாட்டவருக்கும் குடும்ப வருமானம் பார்க்காமல் இடம் தந்து, தேவையான உதவித்தொகையை முழுதாகத் தருகிறது. இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.