பாளையங்கோட்டை அடுக்குமாடியில் கோடை: எதற்கு எது மேல்?

சென்னையில் குடியிருக்கும் என் மதினி சித்திரை பிறந்தால் போனில் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார். "ஏர் கூலர் மட்டும் வாங்கிராதீங்க, வீடே கசகசன்னு ஆயிரும்" என்பார். அவர் இருக்கும் ஊருக்கு அது சரி. கடலோரம், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். பாளையங்கோட்டை வெயில் அப்படியில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, ஆனால் மதியக் காற்று காய்ந்த காற்று. கொடியில் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். வேட்டியைக் காய வைக்கும் அதே காற்றுதான் பானைத் தண்ணீரையும் கூலரையும் குளிர வைக்கிறது. இங்கே கோடைக்கு எதை வாங்கலாம், எங்கே உட்காரலாம் என்று யோசிக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்றும் உண்டு. நமக்குக் கோடை இரண்டு பாகம். கத்திரி முடியும் மே கடைசி வரை ஒரு பாகம். ஜூன் பிறந்து கேரளத்தில் பருவமழை பிடித்ததும் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து மேற்குக் காற்று வீச ஆரம்பிக்கும், அது இரண்டாவது பாகம். வெயில் அப்போதும் அடிக்கும், ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு எல்லாமே மாறிவிடும். முதல் பாகத்தில் தோற்கிற பொருள் இரண்டாவதில் ஜெயிக்கும்.

பால்கனியா, மொட்டை மாடியா?

எங்கள் வீடு இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. எதிர்வீட்டுக்காரர்களுக்குக் கிழக்கு. ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். காலையில் ஒன்பது மணி வரை வெயில், அப்புறம் நாள் முழுக்க நிழல். எங்கள் பால்கனியில் இரண்டு மணிக்குமேல் கம்பியில் கை வைக்க முடியாது. பச்சை நிழல்வலை கட்டி, உள்பக்கம் வெட்டிவேர் தட்டி தொங்கவிட்டு மாலையில் இரண்டு தடவை தண்ணீர் தெளித்த பிறகுதான் கதவைத் திறக்கவே முடிந்தது. தட்டி நனைந்தால் வருகிற வாசனைக்காகவே அதை வாங்கலாம் என்பேன். செடி என்று பார்த்தால் அந்த வெயிலைத் தாங்கி நின்றவை பிரண்டையும் கற்றாழையும்தான். ஆசையாக வைத்த ரோஜா பத்து நாளில் கருகியது.

ஜூன் வந்தால் நிலைமை தலைகீழ். மேற்குக் கதவைத் திறந்து வைத்தால் காலண்டர் தாள் படபடக்கும், பேன் வேண்டியதில்லை. கிழக்கு வீட்டுக்காரர்கள் அப்போது எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் மே மாத மதியத்தில் மட்டும் பார்த்துவிட்டு மேற்கு வீட்டைத் தள்ளிவிட வேண்டாம்.

ஆனாலும் பால்கனி எந்தத் திசையில் இருந்தாலும் மொட்டை மாடிக்கு ஈடாகாது. பழைய ஆட்கள் தட்டட்டி என்பார்கள். திருநெல்வேலி டவுன் பக்கத்து வளவு வீடுகளில் தார்சா என்ற முன்கூடமும் முற்றமும் செய்த வேலையை, அடுக்குமாடியில் செய்யக்கூடிய ஒரே இடம் அதுதான். பெரும்பாலான குடியிருப்புகளில் அந்தக் கதவு பூட்டியே கிடக்கிறது என்பதுதான் என் வருத்தம். எங்கள் குடியிருப்பிலும் சாவி செயலாளர் வீட்டு அலமாரியில் வருஷக்கணக்கில் தூங்கியது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து போய், "அண்ணாச்சி, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் திறந்து வச்சா போதும், பூட்டுறது எங்க பொறுப்பு" என்று கேட்டோம். அவரும் மறுக்கவில்லை. முன்னால் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் மாலை ஆறு மணிக்கு அப்படியே ஏறினால் தரை கொதிக்கும். பகல் முழுக்கக் கான்கிரீட் உறிஞ்சி வைத்த சூடு நடு ராத்திரி வரை மேலேயும் கீழேயும் பரவிக்கொண்டே இருக்கும். கடைசி மாடிக்காரர்கள் தூங்க முடியாமல் தவிப்பது அதனால்தான். நாலைந்து வாளித் தண்ணீரைத் தெளித்தால் அரை மணி நேரத்தில் தரை உட்காரும் பதத்துக்கு வந்துவிடும். கோடையில் தண்ணீரை இப்படிச் செலவழிக்கலாமா என்பது நியாயமான கேள்வி. நாங்கள் நல்ல தண்ணீரைத் தொடுவதில்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரையும், துணி கடைசியாக அலசிய தண்ணீரையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாளி சேர்த்து வைக்கிறோம். முதல் வாரமே கடைசி மாடி ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒங்களுக்காண்டி தெளிக்கிய, குளுமை எங்க வீட்டுக்குல்லா எறங்குது" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு ஒரு நாளும் தெளிக்காமல் விட்டதில்லை. செலவு செய்ய முடிந்த குடியிருப்பு என்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மாடி முழுக்க அடிக்கலாம். அது பகலிலேயே சூடு ஏறாமல் தடுக்கும்.

வெயில் இருக்கும்போதும் மாடிக்கு வேலை உண்டு. கூழ் வற்றல், வெங்காய வடகம், மோர் மிளகாய் எல்லாம் பால்கனியில் மூன்று நாள் ஆவது மாடியில் ஒன்றரை நாளில் காயும். காலையில் ஏழு மணிக்குள் பிழிந்துவிட்டு இறங்கிவிட வேண்டும். காக்காய்க்குக் காவல் பிள்ளைகள். லீவு விட்ட பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

கூலரா, ஏ.சி.யா?

கத்திரி முடியும் வரைக்கும் கூலர்தான் என்பது என் கட்சி. ஆனால் அதை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வருஷம் நாங்கள் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுப் படுக்கையறை நடுவில் கூலரை வைத்தோம். பன்னிரண்டு மணிக்குத் தலையணை பிசுபிசுத்து எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். குற்றம் கூலரிடம் இல்லை. அதற்குக் காய்ந்த காற்று உள்ளே வரவும், ஈரக் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அப்படி வைத்தபின் மே மாதத்தில் போர்வை தேடினோம். கோடை மழை பெய்த ராத்திரி மட்டும் அது உதவாது, அன்றைக்குப் பேன் போதும்.

மின்சாரத்தையும் பாருங்கள். கூலர் 200 வாட்டுக்குள் அடங்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறார்கள், தொடக்கத்தில் கொஞ்சம் யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறி, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஏ.சி. வைத்த பல வீடுகளில் கோடை பில்லைப் பார்த்துத் திகைப்பது இந்தப் படியைத் தாண்டிவிட்டதால்தான்.

கைக்குழந்தையோ, வயதானவர்களோ, இதய நோயாளியோ இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், ஏ.சி. போடுங்கள். 26 டிகிரியில் வைத்துப் பேனையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். வெளியே வைக்கும் பெட்டி யார் வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சூட்டை ஊதுகிறது என்பதை மட்டும் வைப்பதற்கு முன்னால் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெட்டியால் எங்கள் சமையலறை இரண்டு கோடை வெந்தது. எடுத்துச் சொன்னதும் அவர்கள் அதை மேலே மாற்றினார்கள்.

நுங்கா, பதநீரா?

இதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. பதநீர் விடியலில் இறக்கியதை அங்கேயே பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிக்க வேண்டியது. வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். அடுக்குமாடிக்காரர்களுக்கு நுங்குதான் தோது. குலையோடு வாங்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாம். திசையன்விளைப் பக்கம் காலையில் போக நேர்ந்தால் பதநீரை விடாதீர்கள்.

குளிக்க எங்கே போவது?

குற்றாலம் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வரும். அது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான இடம். மே மாதத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். கோடை மழை பெய்து திடீரென்று தண்ணீர் வந்தால் அது இன்னும் ஆபத்து. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் ஒரு பையனின் உயிரே போனது. மலையில் மேகம் கறுத்தால் அருவிப் பக்கம் போகவே வேண்டாம்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறது தாமிரபரணி. குறுக்குத்துறைப் படித்துறையில் விடியற்காலை உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம். ஆனால் நகருக்குள் ஆற்றில் சாக்கடை கலக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே பிள்ளைகளை அங்கே இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. இதைச் சொல்லும்போது வலிக்கிறது. ஆச்சிமார்கள் குடத்தில் எடுத்துக் குடித்த தண்ணீர் அது. சாக்கடையை நிறுத்தும் வரைக்கும் ஆற்றுக் குளிப்பு நகருக்கு மேலேதான். சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் ஆழம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இறங்கும் துறையில் மட்டும் இறங்குங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

மே மாத ஞாயிற்றுக்கிழமைக்கு என் ஓட்டு பாபநாசத்துக்கு. அகத்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். பாளையங்கோட்டையிலிருந்து ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் கூட்டம் சேருவதற்கு முன் குளித்துவிடலாம். மணிமுத்தாறு அருவி அழகில் ஒரு படி மேல்தான், ஆனால் தண்ணீர் வரத்தைப் பொறுத்து வனத்துறை அடைத்துவிடும் நாட்கள் உண்டு. விசாரித்துவிட்டுப் போங்கள்.

பாபநாசத்திலிருந்து சேரன்மகாதேவி வழியாகத் திரும்பினால் முதலில் காருகுறிச்சி வரும், அப்புறம் பத்தமடை. மொட்டை மாடிக்குப் பத்தமடையில் ஒரு கோரைப்பாய் வாங்குங்கள். நெகிழிப் பாய் ராத்திரியில் முதுகை வேர்க்க வைக்கும், கோரை அப்படிச் செய்யாது. காருகுறிச்சியில் ஒரு மண்பானை. புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு அதை அடுப்படி மூலையில் வைக்காமல், நிழலும் காற்றும் உள்ள ஜன்னல் ஓரத்தில் ஈர மணல்மேல் வையுங்கள்.