உப்புவெளி: வயலின் இல்லாத சனிக்கிழமை

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் உள்ள அந்தச் சாப்பாட்டுக்கடைக்கு நான் போனதே பாட்டுக்காகத்தான். சனி இரவென்றால் பாலையூற்றிலிருந்து போர்த்துக்கீச வழிவந்த மூன்று பறங்கியர் வருவார்கள். ஒரு வயலின், ஒரு கிட்டார், ஒரு றபான் மேளம். 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்துப் போர்த்துக்கீசர் போய்விட்டாலும், அந்தக் குடும்பங்களில் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டு மெட்டுகள் மிஞ்சியிருந்தன. 6/8 தாளத்தில் வயலின் முந்தி ஓடும், றபான் துரத்தும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி மணலில் ஆடுவார்கள். மைக் கிடையாது. ஆனாலும் அலைச் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்கும்.

போன ஆவணியில் பார்த்தால், அவர்கள் நின்ற மூலையில் ஆளுயர ஸ்பீக்கர்.

"ஏன் தம்பி, அவையள் வாறதில்லையா?"

"இல்லை அக்கா, பென்டிரைவ் போதும் எண்டு முதலாளி சொல்லிட்டார்."

பக்கத்தில் இருந்த தங்கையோடு பேசக் கத்த வேண்டியிருந்தது. யாரும் ஆடவில்லை. பாதி மேசை காலி, அதுவும் சீசனில்.

இறால் பிரட்டல் இன்னும் அருமைதான், அதை மறைக்க மாட்டேன். கழிவறையும் சுத்தம். சரி, ஐந்துக்கு இரண்டு புள்ளி.

முதலாளி, சனிக்கிழமை ஒரு மணித்தியாலமாவது அந்த மூவரையும் திருப்பிக் கூப்பிடுங்கள். முதல் மேசைக்கு நான் இப்போதே காசு கட்டுகிறேன்.